மாதக் கடைசி ஞாயிறு, ஆளுக்கு ஒரு படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு வட்டக் கல்மேசை இருக்கிறது. மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை 5 மணிக்கு அதைச் சுற்றி உட்காருவோம். சில நாள் ஐந்தாறு பேர் வருவார்கள், தீபாவளி சமயத்தில் பதினைந்து பேர்கூடச் சேர்ந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு படம் கொண்டு வருவோம். நேற்றுக் கைப்பேசியில் எடுத்ததும் உண்டு, பழைய ஆல்பத்திலிருந்து உருவி எடுத்து வந்ததும் உண்டு. படத்தைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டே அதன் கதையைக் கேட்போம். லிப்ட்டிலும் காப்பிக்கடையிலும் என்னை நிறுத்தி அக்கம்பக்கத்தார் கேட்டவற்றை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

இதை ஏன் தொடங்கினீர்கள்?

அப்பாவின் ஒரு படத்தால். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தோம். உள்ளே நாற்பதுக்கு மேல் கறுப்பு வெள்ளைப் படங்கள். லயன் வீட்டு வாசலில் நான்கு பேர், ஏதோ ஒரு கல்யாணப் பந்தல், ஒரு குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் பெண்மணி. யார், எங்கே, எப்போது என்று சொல்ல ஆள் இல்லை. அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார்.

ஒரே ஒரு படத்தின் பின்பக்கத்தில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தார்: "1966 பொங்கலுக்கு மறுநாள். சட்டை இரவல்." முன்பக்கத்தில் அப்பா வெள்ளைச் சட்டையில் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். அந்தப் படத்தை நான் சிறுவயதிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்பா நன்றாக உடுத்தியிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் தொலைபேசியில் கேட்டபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது. மகன் சிங்கப்பூரில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று யாரோ சொல்லிவிட, பாட்டி அழுதுகொண்டே இருந்தாராம். அவரைச் சமாதானப்படுத்தத்தான் அப்பா படம் எடுத்து அனுப்பினார். ஊருக்கு ஒரு பிரதி போனது, கையில் ஒன்று நின்றது. பின்பக்கத்தில் அவர் அந்த இரண்டு சொற்களை எழுதியிருக்காவிட்டால் சித்தப்பாவிடம் கேட்க எனக்குத் தோன்றியே இருக்காது. மற்ற நாற்பது படங்களுக்கும் இப்படி ஒரு கதை இருந்திருக்கும். அது போய்விட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

என்னிடம் சாதாரணப் படங்கள்தான் இருக்கின்றன. பரவாயில்லையா?

அந்தப் படங்களைத்தான் கொண்டுவரச் சொல்கிறோம். மரினா பேயும் வாணவேடிக்கையும் ஆயிரம் பேரிடம் இருக்கும். உங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் துணி காயும் மூங்கில் கழியின் படம் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. கடைசி நாட்களில் கேமராவும் கையுமாகக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். எங்களில் மூன்று பேரிடம் அன்றைய படம் இருக்கிறது. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: கூட்டம், தண்டவாளம், கையசைப்பு. நான்காவதாக ஒரு மாமி ஒரு படம் கொண்டு வந்தார். 2003ஆம் ஆண்டு, ஏதோ ஒரு வாரநாள் காலை. அவருடைய கணவர் நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீரைத் தட்டில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருக்கிறார். காலடியில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு முறுக்கு கொண்டு போகிறார்களாம். அந்த நிலையம் எதற்காக இருந்தது என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த அட்டைப்பெட்டிதான்.

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையும் அப்படித்தான். 2017 ஜூலை 10 அதன் கடைசி நாள். இடம் போகப்போகிறது என்று அறிவித்த பிறகு எடுத்த படங்களில் எல்லோரும் விடைபெறும் முகத்தோடு இருக்கிறார்கள். அதற்கு ஐந்தாண்டு முன்னால் எடுத்தது உங்களிடம் இருந்தால் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. நாம் உட்காரும் இதே கல்மேசையின் படம் ஒருவரிடம் இருக்கிறது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொரோனாவால் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தோமே, அப்போது எடுத்தது. மேசையையும் இருக்கைகளையும் சிவப்பு வெள்ளை நாடாவால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு மைனா மேசையின் நடுவில் நிற்கிறது. மருந்து வாங்கப் போகிற வழியில் எடுத்தாராம். அன்று அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள்தான் ஆளாளுக்கு அந்த இரண்டு மாதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஏழு மணிக்குத்தான் எழுந்தோம்.

நல்ல கேமரா வேண்டுமா?

வேண்டாம். கையில் இருக்கிற கைப்பேசி போதும். படம் எடுப்பதற்கு முன் கேமராவின் கண்ணாடியைச் சட்டை நுனியால் ஒருமுறை துடையுங்கள். பாதிப் படங்கள் மங்குவது எண்ணெய்க்கை பட்டதால்தான்.

எந்த நேரத்தில் எடுத்தால் முகம் தெளிவாக விழும்?

நம் ஊரில் இதற்கு ஒரு தனிக்கணக்கு உண்டு. நாம் இருக்கும் தீர்க்கரேகைக்குக் கடிகாரம் ஏறத்தாழ ஏழு மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். 1982 முதல் எட்டு மணி நேரம் முன்னால் வைத்திருக்கிறோம். அதனால் நமக்கு உச்சிவெயில் 12 மணிக்கு வராமல் பகல் 1 மணியை ஒட்டி வருகிறது. பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருப்பதால் அப்போது வெளிச்சம் தலைக்கு மேலிருந்து கொட்டும். கண்குழியில் நிழல் விழுந்து எல்லோரும் களைத்தவர்கள் போலத் தெரிவார்கள். மதிய விருந்தில் எடுத்த படங்களை எடுத்துப் பாருங்கள், புரியும்.

ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது, ஏழு மணி வாக்கில்தான் இருட்டுகிறது. காலை ஏழரை முதல் ஒன்பது வரையும் மாலை ஐந்தரைக்கு மேலும் வெளிச்சம் சாய்வாக வரும், முகத்துக்கு நல்லது. ஆனால் அந்தி இங்கே மிகக் குறுகியது. சூரியன் மறைந்து இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். "சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன்" என்று மாடிக்குப் போனவர் திரும்பி வருவதற்குள் வெளிச்சம் போயிருக்கும். நடுப்பகலில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் வீட்டு முன் தாழ்வாரத்துக்கு வாருங்கள். நிழலும் இருக்கும், பக்கவாட்டில் வெளிச்சமும் வரும்.

கதையை எப்படி எழுதுவது? எனக்கு எழுத்துப் பழக்கமே இல்லை.

மூன்று நான்கு வரி போதும். யார், எங்கே, எந்த நாள் என்பது முதல் வரி. அதன் பிறகு, படத்தைப் பார்க்கிறவருக்குத் தானாகத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள். இந்த இரண்டாவதுதான் முக்கியம். "அம்மா சிரிக்கிறார்" என்று எழுத வேண்டியதில்லை, அது படத்திலேயே தெரிகிறது. ஏன் சிரிக்கிறார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பது எடுத்தவருக்குத்தான் தெரியும்.

எங்களில் ஒருவர் முதல் தடவை இப்படி எழுதி வந்தார்: "தேக்கா மார்க்கெட். தீபாவளிக் கூட்டம். மறக்க முடியாத நாள்." ஏன் மறக்க முடியாது என்று கேட்டோம். கேட்கக் கேட்கச் சொன்னார். அடுத்த மாதம் அதே படத்துக்கு இப்படி எழுதி வந்தார்:

"தேக்கா ஈரச்சந்தை, 2022 அக்டோபர் 22, சனிக்கிழமை காலை. அம்மா ஆட்டுக்கறிக் கடை வரிசையில் நிற்கிறார். தோளில் இருப்பது தங்கையின் பள்ளிப் பை. அவசரத்தில் வேறு பை அகப்படவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, நான் நிற்கிறேன் என்றேன், கேட்கவில்லை. எந்தத் துண்டு வேண்டும் என்று கடைக்காரரிடம் விரலால் காட்ட அவரே நிற்க வேண்டுமாம். அடுத்த தீபாவளிக்கு நான்தான் நின்றேன். எந்தத் துண்டு என்று எனக்குத் தெரியவில்லை."

இதைப் படித்து முடித்ததும் மேசையில் யாரும் பேசவில்லை. இதில் அலங்காரமாக ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு வேண்டுகோள்: எடுத்த அன்றே எழுதிவிடுங்கள், படுக்கப் போவதற்கு முன். ஒரு வாரம் கழிந்தால் அந்தப் பள்ளிப் பை போன்றவைதான் முதலில் மறந்துபோகும்.

தமிழில்தான் சொல்ல வேண்டுமா? என் பேரனுக்குத் தமிழில் எழுத வராது.

வருகிற அளவுக்குச் சொல்லட்டும், யாரும் திருத்த மாட்டோம். எழுத வராதவர்களுக்குக் கைப்பேசியில் குரல்பதிவு இருக்கிறது. தொடக்கநிலை 4 படிக்கும் ஒரு பையன் தன் பாட்டியின் பழைய படத்தைக் காட்டி அவரையே பேசவிட்டுப் பதிவு செய்து வந்தான். "சுண்ணாம்புக் கம்பத்துல அஞ்சடியில உக்காந்து பூக் கட்டுவோம்" என்கிறார் பாட்டி. "அஞ்சடின்னா என்ன பாட்டி?" என்று பையனின் குரல் குறுக்கிடுகிறது. கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் ஓடும் கூரை போட்ட நடைபாதை என்று அவர் விளக்குகிறார். ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் 1822இல் போட்ட நகரத் திட்டத்திலேயே இருந்த ஏற்பாடு அது. சுண்ணாம்புக் கம்பம் என்பது சிராங்கூன் சாலைப் பக்கத்துக்கு நம்மவர்கள் வைத்த பழைய பெயர், அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் வந்தது. அந்த இரண்டு சொற்களும் ஒரு படத்தைச் சாக்காக வைத்து அந்தப் பையனிடம் வந்து சேர்ந்தன. பாடப்புத்தகத்தில் படித்திருந்தால் அவன் நினைவில் வைத்திருப்பானா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பழைய ஆல்பம் இருக்கிறது, ஆனால் எந்த ஆண்டு என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். ஆல்பம் முழுவதையும் ஒரே நாளில் கேட்காதீர்கள், களைத்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு நான்கு படம் போதும்.

கேட்க ஆள் இல்லை என்றால் படத்தின் ஓரங்களைப் பாருங்கள். பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கலாம். பின்னணியில் கடைப் பலகை தெரிந்தால் தொலைபேசி எண்ணை எண்ணிப் பாருங்கள். 2002 மார்ச்சில்தான் வீட்டு, கடை எண்களுக்கு முன்னால் 6 சேர்ந்து எட்டு இலக்கம் ஆயின. பலகையில் ஏழு இலக்கம் இருந்தால் அந்தப் பலகை அதற்கு முன்னால் எழுதியது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1995க்கு முன்னால் எழுதியதாக இருக்க முடியாது. தோ பாயோவின் டிராகன் விளையாட்டுத் திடல் பின்னணியில் இருந்தால் 1979க்கு முன்னால் இருக்க முடியாது. கேமராவே ஆரஞ்சு நிறத்தில் ஓரத்தில் அச்சடித்த தேதியை மட்டும் முழுதாக நம்பிவிடாதீர்கள். பலர் கடிகாரத்தைச் சரியாக வைத்ததே இல்லை.

ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பம் என்றால் படத்தை நகத்தால் கிளப்ப வேண்டாம். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு மெதுவாக அறுப்பது போல இழுங்கள். கிழியும் போலிருந்தால் விட்டுவிட்டு அப்படியே கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிளாஷ் போடாமல், ஜன்னலோர நிழலில் வைத்து, பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். எங்கள் வீட்டில் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்திருந்தால் "சட்டை இரவல்" என்பது போயிருக்கும்.

நம் ஊர் ஈரப்பதத்துக்குப் படங்களில் பூஞ்சை பிடிக்கும். டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், அவ்வப்போது மாற்றுங்கள். பின்பக்கம் எழுத மென்மையான பென்சில்தான் சரி. பந்துமுனைப் பேனா மறுபக்கம் தடம் பதிக்கும். பிளாஸ்டிக் பூச்சுள்ள புதிய தாளில் பென்சில் பிடிக்காது, உறைமேல் எழுதி படத்தை உள்ளே வையுங்கள்.

தெரியாதவர்களைப் படம் எடுக்கலாமா?

பொது இடத்தில் படம் எடுப்பதைச் சிங்கப்பூர்ச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் சொந்தத் தேவைக்காகவும் குடும்பத்துக்காகவும் எடுப்பவரைக் கட்டுப்படுத்துவதில்லை. பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை வைத்திருந்தால் எடுக்கக் கூடாது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாளத்தை வெளியிடுவது 2020 ஜனவரியிலிருந்து குற்றம்.

சட்டம் அவ்வளவுதான். எங்கள் மேசையின் வழக்கம் அதைவிடக் கொஞ்சம் கண்டிப்பானது. முகம் தெரிந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கவா?" என்று கேட்க மூன்று வினாடி ஆகும். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் புல்தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் வெளிநாட்டு ஊழியர்களைத் தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்த படங்களை நாங்கள் ஏற்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனிதரை அவருக்குத் தெரியாமல் காட்சிப்பொருள் ஆக்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

அவர்களில் ஒருவர் எங்கள் மேசைக்கு வருகிறார். துவாஸில் வேலை, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அவர் கொண்டுவந்த படத்தை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தங்குவிடுதிப் படிக்கட்டில் பன்னிரண்டு ஜோடி வேலைக் காலணிகள், படிக்கு ஒரு ஜோடியாகக் காய்கின்றன. எது யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாடா அவிழ்ந்தது தன்னுடையது என்றார். வீட்டுக்கு அனுப்பினீர்களா என்று ஒருவர் கேட்டார். "இல்லைங்க, வீட்டுக்கு மெர்லயன் பக்கத்துல நிக்கிற படம்தான் போகும். புதுச் சட்டை போட்டு எடுத்தது" என்றார். நான் மேலே போய் அப்பாவின் படத்தை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தேன். பின்பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டு வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

பிள்ளைகளின் படம்?

பெற்றோர் சம்மதம் வேண்டும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பள்ளிச் சீருடையும் வீட்டு எண்ணும் ஒரே படத்தில் தெரிந்தால் அதை மேசையில் காட்டுங்கள், வெளியே அனுப்ப வேண்டாம். குளிக்கும் படம், அழும் படம் இவற்றையும் வெளியே விடாதீர்கள். இன்று நமக்குச் செல்லமாக இருப்பது பதினைந்து வயதில் அவர்களுக்குக் கூச்சமாகிவிடும்.

தைப்பூசம், தீமிதி படங்கள் கொண்டு வரலாமா?

தாராளமாக. காவடியின் அழகை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடிக்கு இணையாக முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நடப்பார், கவனித்திருக்கிறீர்களா? காவடி எடுப்பவர் இளைப்பாற உட்கார அது. எங்களில் ஒருவர் தன் தம்பிக்காக ஒன்பது ஆண்டு அப்படி முக்காலி தூக்கியவர். அவர் இருக்கும் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. அடுத்த தைப்பூசத்தில் நாங்கள் போய் எடுத்தோம். கோயிலுக்குள் எடுப்பதற்கு மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கிவிடுகிறதே?

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். எச்டி தேர்வு இருக்கிறது, அது கொஞ்சம் பரவாயில்லை. அசல் அப்படியே போக வேண்டும் என்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கைப்பேசிப் படத்துக்குள்ளேயே எடுத்த தேதியும் சில சமயம் இடமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தத் தகவல் உதிர்ந்துவிடும். அக்காள் அனுப்பிய படத்தில் நீங்கள் பார்க்கும் தேதி அது உங்கள் கைக்கு வந்த தேதி. ஆகவே எடுத்த நாளைப் படத்தோடு சேர்த்து எழுதி அனுப்புவது நல்லது.

பிரதியும் வைத்திருங்கள். என்னுடைய கைப்பேசி ஒருமுறை தண்ணீரில் விழுந்து இரண்டு ஆண்டுப் படங்கள் போயின. அதில் அம்மா கடைசியாகக் கோலம் போட்டதும் இருந்தது.

மற்றவர் எடுத்த படத்தை நான் காட்டலாமா?

கேட்டுவிட்டுக் காட்டுங்கள், எடுத்தவர் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் பதிப்புரிமைச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும் எடுத்தவரே முதல் உரிமையாளர். அவர் பெயரைக் குறிப்பிடுவதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

சோகமான படமாக இருந்தால்?

கொண்டு வாருங்கள். ஒரு பெரியவர் மருத்துவமனைச் சாப்பாட்டுத் தட்டின் படம் கொண்டு வந்தார். தட்டில் உரிக்காத ஓர் ஆரஞ்சு. மனைவி, "நாளைக்கு உரிச்சுக்கலாம்" என்று சொன்னாராம். முகம் இல்லாத படம். நோயாளியின் முகம் தெரியும் படத்தை அவர் சம்மதித்திருந்தால் மட்டுமே காட்ட வேண்டும் என்பதை நாங்கள் விடாமல் கடைப்பிடிக்கிறோம். யாராவது அழுதால் அழட்டும். யாரும் ஆறுதல் மொழி சொல்லி முடித்துவைக்க அவசரப்பட மாட்டோம்.

முதல் தடவை பேசாமல் உட்கார்ந்திருக்கலாமா?

உட்காரலாம். படம்கூட வேண்டாம். நான்கு கல் இருக்கைதான் இருக்கின்றன, முடிந்தால் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வாருங்கள். தேநீர் மூன்றாம் மாடி அக்காவின் பொறுப்பு. சர்க்கரை வேண்டாதவர்கள் வந்ததும் சொல்லிவிடுங்கள்.